அடிக்கணக்கு

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்,
லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால்
தகரம் வேய்ந்த எங்கள் சபை.
வெல்டிங் சத்தம் ஓய்வது ஞாயிறு மட்டும்.
அன்றைக்காவது நாம் பாடுவது
ஆண்டவர் காதில் விழும் என்பாள் என் மனைவி.

ஓய்வுநாள் பள்ளியில் கேட்டார்களாம்:
கர்த்தர் உங்கள் வீட்டுக்குச் செய்த நன்மைக்கு
ஒரு அடையாளம் கொண்டு வாருங்கள்.
ரூபன் மகன் புது ஸ்கூட்டர் சாவி கொண்டுபோனான்.
இன்னொருத்தி, அம்மாவின் ஸ்கேன் படம்.
என் கெசியா
என்னைக் கேட்காமல்
போர் வண்டி நோட்டை எடுத்துப் போய்விட்டாள்.

அதில் என்ன இருக்கிறது?
டீசல் கறை. கூலி பாக்கி.
ஊர் பேர், தோட்டத்துக்காரர் பேர், ராடு கணக்கு.
செம்மண் பதினெட்டு அடி. சுக்கான் கல் அறுபது.
அப்புறம் கருங்கல், கருங்கல், கருங்கல்.
முந்நூற்றிருபதில் ஒன்றரை இஞ்சு தண்ணி.
எழுநூற்றைம்பது, புகை.
புகை என்றால் தண்ணீர் இல்லை.
வெறும் கல்மாவு எழும்பி
தோட்டத்துக்காரர் தலை ஒரே மதியத்தில் நரைத்துப்போகும்.
அவர் தேங்காய் உடைத்த இடத்தில்
நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருப்பேன்.
இரண்டு பேர் வேண்டுதலும் ஒரே குழியில் இறங்கும்.

ஒவ்வொரு குழிக்கும் கீழே
'ஸ்தோ' என்று ஒரு குறி.
ஸ்தோத்திரம் என்று முழுசாய் எழுத
கிரீஸ் கை இடம் கொடுக்காது.
தண்ணி வந்தாலும் ஸ்தோ. புகைந்தாலும் ஸ்தோ.
பெரிய விசுவாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.
பிட்டு உடையாமல், வண்டி குடைசாயாமல்
இன்னொரு குழி முடிந்தது,
அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அதை எல்லார் முன்னாலும்
பதினோரு வயசுப் பெண் வாசித்திருக்கிறாள்.
லில்லி புஷ்பம் டீச்சர் சொல்லித்தான் தெரியும்:
ஒவ்வொரு ஸ்தோவுக்கும் பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்களாம்,
மஞ்சள் மண்டியில் ஏலம் கூவுவது போல.

சாயங்காலம் எதிரே வந்து உட்கார்ந்தாள்.
ஒரு பக்கத்தில் விரல்.
"இங்க மட்டும் ஏனுங்ப்பா எழுதல?"

ராய்ச்சூர் பக்கம். ஜூன் மாதம்.
அறுநூற்று நாற்பது அடி என்பதோடு நின்றிருந்தது.
ராடு மாட்டும்போது செயின் அறுந்தது.
ஜார்க்கண்டுப் பையன் மங்ரா, பத்தொன்பது வயது,
ஆஸ்பத்திரி போகும் வழியில் அடங்கிவிட்டான்.
முந்தின ராத்திரி எங்களோடு முழங்காலிட்டு
தன் பாஷையில் ஜெபித்தவன்.
அன்றைக்கு நான் யாரையும் ஸ்தோத்திரிக்கவில்லை.
நாலு மாதம் சபைப் பக்கமே வரவில்லை.

'ஆண்டவர் சித்தம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது,
கேசிங் பைப் மாதிரி.
இறக்கிவிட்டால் எந்த மண்ணும் சரியாது.
வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.
நடந்ததைச் சொன்னேன். அந்த நாலு மாதத்தையும் சொன்னேன்.
ஏன் திரும்பி வந்தேன் என்பதற்கு
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
அவர் என்னை விட்டுப் போகவில்லை.
கோபமாய்ப் பேச எனக்கும் வேறு ஆளில்லை.

கெசியா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
பென்சில் டப்பாவைத் திறந்தாள்.
குறி போடப் போகிறாளோ என்று
தடுக்கக் கூட என் கை நீண்டது.
அந்த வெற்றிடத்தில்
'மங்ரா' என்று எழுதினாள்.
அதன் கீழே, 'கேக்கோணும்'.

"யாருகிட்ட கண்ணு?"
"அவருகிட்டத்தானுங்."
பக்கத்து வீட்டில் அளவு டேப்பு கேட்கப் போகிறவள் போல
சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள்.

அடுத்த வாரம் வண்டி கிளம்புகிறது.
நோட்டைத் தரமாட்டேன் என்கிறாள்.
பஸ் ஸ்டாண்டு கடையில் புதுசு வாங்கினேன், நீல அட்டை.
சீட்டுக்கடியில் செருகும்போதுதான் பார்த்தேன்:
முதல் பக்கத்தில் ஊர் இல்லை, அடி இல்லை,
இன்னும் போடாத குழிக்குக் கீழே
ஒரு ஸ்தோ.

பென்சிலில்தான்.
அழிக்க நேர்ந்தால் அழித்துக்கொள்ளட்டும் என்று.